அந்தப் பாட்டுக்கு ஆள் இருக்கு!

வணக்கம் நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! மைக் முன்னால் உட்கார்ந்து பழகிய வாய். பேனா பிடித்தாலும் அந்த வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது.

இந்த வாரம் ஒரு கிட்டார்க்காரப் பாட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு நிகழ்ச்சி. நேயர் ஒருவர் தாலாட்டு கேட்டிருந்தார். எங்கள் சேமிப்பில் இருந்த, உள்ளூரில் பதிவான ஒரு பழைய தோட்டப்புறத் தாலாட்டை எடுத்துப் போட்டேன். அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தது. நானும் கிளிப்பிள்ளை மாதிரி, "இது காலங்காலமாக நம் மக்கள் பாடிவந்த பாடல். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட்டேன்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. வயதான பெண் குரல். கோபமில்லை, சத்தமில்லை.

"ஏம்மா, யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே, அந்தப் பாட்டுக்கு ஆள் இருக்கு. எங்கம்மா கட்டின பாட்டு அது. என் தம்பி பொறந்தப்போ கட்டினது. எங்க லயத்துல அத்தனை பேருக்கும் தெரியும்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுக் கற்றுக்கொண்டு, பிறகு எங்கோ மேடையில் பாடி, அங்கிருந்து அது ஒலிநாடாவுக்குப் போன கதையை அவர் பொறுமையாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "காசு கீசெல்லாம் வேணாம்மா. அடுத்த வாட்டி போட்டா பேரைச் சொல்லு, போதும்" என்றார்.

அன்றிரவு கார் நிறுத்துமிடத்தில் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் ஊடகத்துறை படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் அறிமுகப்படுத்திய குரல் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் தேடிப் போட்டேன். எலிசபெத் காட்டன். பாட்டின் பெயர் 'ஃபிரெயிட் டிரெயின்', அதாவது சரக்கு ரயில்.

அந்தப் பாட்டுக்கும் ஆள் இருந்தார். உலகத்துக்கு அது தெரியவர அரை நூற்றாண்டு ஆனது.

அண்ணன் வேலைக்குப் போனதும்...

1893-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் பல்கலைக்கழக நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர் எலிசபெத். அந்த ஊரின் இன்றைய பெயர் கார்பரோ. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 30 ஆண்டுகூட ஆகாத காலம். கறுப்பினக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். விளையாடுவதும் ரயில் சத்தத்தோடு, தூங்குவதும் ரயில் சத்தத்தோடு.

வீட்டில் அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. பாஞ்சோ என்றால், சின்ன மேளத்துக்குக் கழுத்து வைத்துக் கம்பி கட்டியது மாதிரி ஒரு வாத்தியம். அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும் ஏழெட்டு வயது எலிசபெத் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துவிடுவார். வாசிக்கத் தெரியாமல் முறுக்கிக் கம்பி அறுந்துபோனால், சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். தம்பி தங்கையோடு வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை!

இங்கேதான் ஒரு சிக்கல். எலிசபெத்துக்கு இடக்கைப் பழக்கம். வாத்தியமோ வலக்கைக்காரர்களுக்குக் கம்பி கட்டியது. நம் வீடாக இருந்தால், "சோத்துக் கையால பிடி" என்று தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். அங்கே குட்டவும் ஆளில்லை, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. அண்ணனுடைய பொருள் என்பதால் கம்பியை மாற்றிக் கட்டவும் முடியாது. எனவே வாத்தியத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். பிற்பாடு கிட்டார் கைக்கு வந்தபோதும் அதே பிடிதான்.

கிட்டார் தெரிந்த வாசகர்கள் ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். வழக்கமான பிடியில் தடித்த கம்பிகள் மேலே, மெல்லிய கம்பிகள் கீழே. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் 'தும்... தும்...' என்று தாளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கும். எலிசபெத்துக்கு எல்லாமே நேர்மாறு. அவர் பிடியில் மெல்லிய கம்பிகள் மேலே வந்துவிட்டன. எனவே அவருடைய கட்டைவிரல் மெட்டைப் பாடியது, மற்ற விரல்கள் தாளம் போட்டன. பிற்காலத்தில் இந்த வாசிப்புக்கு அவர் பெயரையே வைத்து 'காட்டன் பிக்கிங்' என்றார்கள். இன்று அதைக் கற்றுத்தரும் காணொளிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வலக்கைக்காரர்கள் விரல் வலிக்க வலிக்க முயன்று பார்க்கும் ஒரு பாணி, ஒரு குழந்தை வேறு வழியில்லாமல் கண்டுபிடித்துக்கொண்ட ஒன்று!

75 சென்ட் சம்பளம்

அண்ணன் வீட்டைவிட்டு வெளியூர் போனபோது பாஞ்சோவும் கூடவே போய்விட்டது. எலிசபெத்தின் கை வெறுமையானது. சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை கேட்டுக் கதவைத் தட்டினார். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, மேசையில் சாப்பாடு வைப்பது. அப்போது பதின்பருவம்கூடத் தொடங்கவில்லை. தொடக்கச் சம்பளம் மாதம் 75 சென்ட்.

அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு கிட்டார் வாங்கினார். 'ஸ்டெல்லா' என்ற மலிவு விலைக் கிட்டார். விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், தொடக்கச் சம்பளத்தில் சரியாக ஐந்து மாத உழைப்பு. இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் ஐந்து மாதச் சம்பளத்தை அப்படியே ஒரு வாத்தியத்தில் போடுவோம்?

கிட்டார் வந்த கையோடு பாட்டும் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவர் கட்டிய பாட்டுதான் 'ஃபிரெயிட் டிரெயின்'. வீட்டருகே ஓடிய ரயில்தான் கரு. கேட்க இனிமையான, நடைபோடும் மெட்டு. ஆனால் உள்ளே போனால் ஊரைவிட்டு ஓடிப்போவதும் சாவதும் புதைக்கப்படுவதும் வரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே தினமும் அந்த ரயில் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்பதை நினைத்தபோது வியப்பு போய்விட்டது.

இன்னொரு பாட்டு இன்னும் சுவையான கதை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் அம்மாவிடம் கோள் சொல்லி, செய்யாத தவறுக்கு எலிசபெத்துக்குத் தண்டனை கிடைத்தது. எதிர்த்துப் பேச முடியாத வயது. அந்த ஆத்திரத்தை ஒரு பாட்டாகக் கட்டிவிட்டார். 'ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை' என்ற அந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் கழித்து 'கிரேட்ஃபுல் டெட்' என்ற புகழ்பெற்ற ராக் குழு பாடியது. கோள் சொன்ன பெண்மணி வரலாற்றில் இடம் பிடித்துவிட்டார் பாருங்கள்!

காதில் விழுந்ததெல்லாம்

இவருக்குக் குரு யார்? ஒருவரைக் கைகாட்ட முடியாது. இசைக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாதவர். எல்லாம் கேள்வி ஞானம்தான். தேவாலயத்தில் பாடிய கீதங்கள், வீட்டில் அண்ணன் வாசித்த பாஞ்சோ, கொண்டாட்டங்களில் ஆடுவதற்கு வாசித்த மெட்டுகள், அந்தக் காலத்தில் பியானோவில் கொடிகட்டிப் பறந்த 'ராக்டைம்' இசை. எல்லாவற்றையும் காது வாங்கிக்கொண்டது. முதலில் ஒரே கம்பியில் மெட்டைத் தேடுவார். அது அகப்பட்டதும் அடுத்த கம்பியைச் சேர்ப்பார். இப்படித்தான் ஒவ்வொரு பாட்டும் கைக்கு வந்தது.

அந்தப் பகுதிக்கென்றே ஒரு கிட்டார் பாணி உண்டு. 'பீட்மாண்ட் ப்ளூஸ்' என்பார்கள். மிசிசிப்பி பக்கத்து ப்ளூஸ் கனமானது, முரட்டுத்தனமானது. பீட்மாண்ட் பாணியோ துள்ளி நடக்கும். ராக்டைம் பியானோவில் இடக்கை தாளம் போட, வலக்கை விளையாடுமே, அதையே ஆறு கம்பிகளில் செய்து காட்டுவது. எலிசபெத்தின் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள டர்ஹம் நகரில், புகையிலைத் தொழிலாளர்களுக்கு நடுவே பிளைண்ட் பாய் ஃபுல்லர், ரெவரெண்ட் கேரி டேவிஸ் போன்றவர்கள் வாசித்து வளர்த்த பாணியும் இதுவே.

அவர் வாசித்தவற்றில் 'வாஸ்டபோல்' என்றொரு மெட்டு உண்டு. பெயர் விசித்திரமாக இருக்கிறதல்லவா? 1850-களில் நடந்த கிரைமியப் போரில் முற்றுகையிடப்பட்ட செவஸ்டபோல் நகரத்தின் பெயரில், ஹென்றி வொரல் என்பவர் வசதியானவர்களின் வரவேற்பறைக் கிட்டாருக்காக ஒரு துண்டு இசை எழுதி அச்சிட்டார். அது கைமாறி, காதுமாறி, பெயர் மருவி, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத உழைப்பாளிகளின் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. நாட்டுப்புற இசை என்றால் மண்ணிலிருந்து தானாக முளைத்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் தோண்டினால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மனிதர் இருக்கிறார்.

முப்பது ஆண்டு மௌனம்

இவ்வளவு திறமையும் பிறகு என்னவாயிற்று? நம் ஊர்க் கதைதான். பதினேழு வயதையொட்டித் திருமணம். கணவர் ஃபிராங்க் காட்டன். ஒரு பெண் குழந்தை. தேவாலயத்தில் சேர்ந்தபோது பெரியவர்கள், "உலக இன்பப் பாட்டுகளை விட்டுவிடு" என்று அறிவுரை சொன்னார்கள். வீட்டு வேலை, குடும்பம், பிழைப்பு. தேவாலயத்தில் எப்போதாவது வாசித்ததைத் தவிர, கிட்டார் கையைவிட்டுப் போனது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல்!

'சின்ன வயசுல நல்லா பாடுவேன்', 'கல்யாணத்துக்கு முன்னாடி வீணை கத்துக்கிட்டேன்' என்று சொல்லும் பெண்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். யாரும் அவர்களைத் தடுத்திருக்க மாட்டார்கள். கேட்கவும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

1940-களில் காட்டன் வாஷிங்டன் நகரில் இருந்தார். மணவாழ்க்கை முடிந்துவிட்டது. மகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்க்கை. ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் பொம்மைப் பிரிவில் வேலை. ஒரு நாள் ஒரு சிறுமி கூட்டத்தில் தொலைந்துபோய் அழுதுகொண்டு நின்றாள். அவளைத் தேற்றித் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபர்ட் சீகர். சாதாரண ஆளில்லை, அமெரிக்காவின் முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவர். கணவர் சார்லஸ் சீகர் இசை ஆய்வாளர். சார்லஸின் முதல் மணத்தில் பிறந்த மகன்தான் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். நன்றி சொன்ன ரூத், தம் வீட்டில் வேலைக்கு வர விருப்பமா என்று கேட்டார். காட்டன் சேர்ந்தார்.

எப்படிப்பட்ட வீடு பாருங்கள்! நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிக் குறிப்பெழுதுவதுதான் அந்த வீட்டின் தொழிலே. ஒலிப்பதிவுத் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எங்கோ தொலைதூரத்தில் பாடிய முகம் தெரியாத மனிதர்களின் பாட்டை எழுதி வைப்பார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவருக்குள் அதே புதையல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள், அன்று தொலைந்துபோன அதே சிறுமி, பெகி, உள்ளே நுழைந்தபோது காட்டன் அந்தக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். மறந்துபோனதாக அவரே நினைத்திருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் 'லிபா'. இசையுலகம் இன்றுவரை அவரை அந்தப் பெயரால்தான் அழைக்கிறது.

பாட்டு மட்டும் கப்பல் ஏறியது

இனி நடந்ததுதான் என் தொலைபேசி அழைப்போடு சேர்ந்தது.

பெகி வளர்ந்து பாடகியானார். 1950-களில் இங்கிலாந்து போனபோது லிபாவின் ரயில் பாட்டையும் பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. அப்போது அங்கே 'ஸ்கிஃபிள்' என்ற இசை அலை. கிட்டாரும், துணி துவைக்கும் பலகையும் இருந்தால் குழு தயார். 1957-இல் சாஸ் மெக்டெவிட் ஸ்கிஃபிள் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய 'ஃபிரெயிட் டிரெயின்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறியது. இளைஞர்கள் தெருத்தெருவாகப் பாடினார்கள்.

எழுதியவர்கள் என்று பதிவாகியிருந்த பெயர்கள்? இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு ஆண்கள். உரிமையும் அவர்கள் பெயரில்தான். பாட்டைக் கட்டியவரோ அறுபது வயதைத் தாண்டி, வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டைக் கொண்டுபோன பெகிக்குத் தீய எண்ணம் துளியும் இல்லை. பிடித்த பாட்டைப் பிடித்தவர்களுக்குப் பாடிக் காட்டினார். பாட்டு போகிற வேகத்தில் பெயர் போகவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் வேறு பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நான் வானொலியில் 'யாருக்கும் தெரியாது' என்று சொன்னபோதும் கெட்ட எண்ணம் இல்லை. அட்டையில் இருந்ததைப் படித்தேன். ஆனால் தெரியாதது எனக்குத்தான். யாருக்கும் தெரியாது என்று சொல்ல நான் யார்?

சீகர் குடும்பம் சும்மா இருக்கவில்லை. உரிமைப் போராட்டத்தில் உடன் நின்றார்கள். கடைசியில் அந்தப் பாட்டில் எலிசபெத் காட்டன் பெயர் ஏறியது. பெகியின் அண்ணன் மைக் சீகர், பெயரை நிலைநாட்ட இன்னும் உறுதியான ஒரு காரியம் செய்தார். 1950-களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டனின் வீட்டுக்கே போனார். பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில், படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்த பாட்டுகள் 1958-இல் 'ஃபோக்வேஸ்' நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தன. முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 65.

நம்மில் பலர் ஓய்வூதியப் பாரம் நிரப்பும் வயது!

மேடையில் ஒரு பாட்டி

1960-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக் சீகரோடு சேர்ந்து முதல் கச்சேரி. பிறகு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, கல்லூரிகள், சிறு அரங்குகள் என்று ஊர் ஊராகப் பயணம். அதற்காக வீட்டு வேலையை அவர் உடனே விட்டுவிடவில்லை. வாரயிறுதியில் மேடை, வார நாளில் அடுப்படி. கைதட்டல் வாடகை கட்டாது என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய மேடைப் பதிவுகளைக் கேட்டால் ஒரு வானொலிக்காரியாக எனக்குப் பொறாமை வரும். அலட்டலே இல்லை. மெல்லிய குரல். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சின்ன வயதுக் கதையைச் சொல்வார். அண்ணனின் பாஞ்சோ, முதல் கிட்டார், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆசிரியை பெயர் கேட்டபோது தானே 'எலிசபெத்' என்று சொல்லிக்கொண்டது. ஆமாம், வீட்டில் செல்லப் பெயர்களே வழங்கியதால், அந்தப் பெயரை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டார்! கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடும். பிறகு எல்லோரையும் கூடப் பாடச் சொல்வார். ஆயிரம் பேர் இருந்தாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

அவர் பாட்டு கட்டும் விதமும் அப்படித்தான். தனி அறை, அமைதி, மனநிலை என்றெல்லாம் காத்திருந்தவர் இல்லை. 'ஷேக் ஷுகரீ' என்ற அவருடைய பாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா? வீட்டில் கொள்ளுப்பேரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மெட்டை வாசிப்பார். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அடி கட்டிச் சேர்க்க வேண்டும். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகிற கதை அது. குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், கேட்டு முடித்தால் தொண்டை அடைக்கும். 1967-இல் வந்த இசைத்தட்டில் அதை அவர் பாடவில்லை. பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸைப் பாடவைத்து, தான் கிட்டார் மட்டும் வாசித்தார். இசைத்தட்டிலும் பேத்தியின் பெயர் உண்டு. தன் பெயர் விடுபட்டதன் வலி தெரிந்தவர் அல்லவா?

தண்டவாளத்தை ஒட்டி

கச்சேரிப் பணத்தில் 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகரில் குடியேறினார். அந்த நகரம் 1983-இல் ஒரு சிறு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. 1984-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது. 1985-இல், 92 வயதில், மேடைப் பதிவு இசைத்தட்டுக்காகக் கிராமி விருது. 1987 ஜூன் 29-ஆம் நாள், 94 வயதில் மறைந்தார். 2022-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம், அந்த இசைக்கு முன்னோடியாக இருந்தவர்களின் வரிசையில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

விருதுகளைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர் பிறந்த கார்பரோவில் ஒரு மிதிவண்டிப் பாதைக்கு 'லிபா காட்டன்' என்று பெயர். அந்தப் பாதை ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. பாட்டு எங்கே பிறந்ததோ, அங்கேயே அவர் பெயரும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வாரம் நேரம் கிடைத்தால், குடும்பத்தோடு யூடியூப்பில் அவருடைய பழைய காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிட்டார் கற்கும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். கட்டைவிரல் எங்கே போகிறது, மற்ற விரல்கள் எங்கே போகின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 'நான் இடக்கை, எனக்கு வராது' என்று சொல்லும் பிள்ளை இருந்தால் இரண்டு தடவை காட்டுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. மைக் சீகர் சுமந்து சென்ற கருவி அந்தக் காலத்தில் ஒரு பெட்டி கனம். இன்று அது நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாயியோ அம்மாயியோ பாடுவார்கள். தாலாட்டு, நலுங்கு, கும்மி, பால்வெட்டுக்குப் போகும்போது பாடியது, எதுவானாலும் சரி. பதிவு செய்யுங்கள். தொடங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் கட்டினது? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? எந்த ஊர்ல? அவர்கள் வாயாலேயே பதில் பதிவாகட்டும். 'எனக்குத் தெரியாதுப்பா' என்று சொன்னால் அதுவும் இருக்கட்டும். நாளைக்கு எங்கேயாவது ஒருவர், 'அந்தப் பாட்டுக்கு ஆள் இருக்கு' என்று சொல்ல வழி இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த அம்மாவிடம் பேசி, அவர் தாயாரின் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் எழுதி வாங்கினேன். எங்கள் சேமிப்பில் 'பாரம்பரியம்' என்று இருந்த இடத்தைத் திருத்தச் சொன்னேன். அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே தாலாட்டைப் போட்டேன். போடுவதற்கு முன், கட்டியவர் பெயரைச் சொன்னேன். நேரம் பார்த்தேன், மூன்று விநாடி ஆனது.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. அதே குரல்.

"கேட்டேம்மா" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசிப் பிழைக்கிற எனக்கு அன்று அதுவே சரியாகப் பட்டது.

"இன்னொரு வாட்டி சொல்றியா?" என்று கேட்டார்.

பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை சொன்னேன்.

அடுத்த வாரம் சந்திப்போம், வாசகர்களே!